வலை காட்டுதல்

சரக்குக் கப்பலாகத்தான் இருக்கும் என்று கித்தேரியான் நினைத்தான். நினைத்ததோடு நிற்காமல் வாய்விட்டும் சொன்னான், சொல்லிவிட்டால் அது சரக்குக் கப்பலாகவே ஆகிவிடும் என்பதுபோல. காலை ஒன்பது மணிக்கே கடலும் வானமும் ஒரே வெள்ளைப் புழுக்கமாகக் கலந்து கிடந்தன. அந்தக் கலங்கலுக்குள் சதுரமாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. நிற்பதுபோல் தெரிந்தது, அவ்வளவுதான். நேராக நம் பக்கம் பார்த்து வருகிற கப்பல் அசையவே அசையாது, பெரிதாகிக்கொண்டே மட்டும் போகும். சரக்குக் கப்பலுக்குச் சிவப்போ கறுப்போ ஒரு நிறம் இருக்கும், நங்கூரம் தொங்குகிற இடத்தில் துரு வழிந்திருக்கும், மேலே பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். இதற்குப் பெட்டியும் இல்லை, துருவும் இல்லை, நிறமும் இல்லை. மழைக்கு முந்திய வானத்தில் ஒரு துண்டை வெட்டிக் கப்பலாக நிமிர்த்தி வைத்த மாதிரி சாம்பல். அவனுக்குத் தெரியாதா. இருபது வருஷமாக இந்தப் பஹ்ரைன் தண்ணீரில் கிடக்கிறவனுக்குச் சாம்பல் கப்பல் தெரியாதா. தெரிந்தும், இருக்காது, இருக்காது என்று உள்ளே ஒருவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

அவன் பெரிய படகான லாஞ்சின் பின்பக்கம், சுக்கானைப் பிடித்தபடி நின்றான். லாஞ்சின் மூக்கில் கட்டிய கயிற்றிலிருந்து வலை தொடங்கி, வெள்ளைக் கேன்களை மிதவையாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சீலா மீனுக்காகத் தண்ணீருக்குள் சுவராகத் தொங்கியது. அந்த முனையில், சின்ன பைபர் படகில், தொம்மை. மனைவி பிரகாசியின் தம்பி, இவனுக்கு மச்சினன். முனைக் கேன் சிக்கிக் கிடக்கு, எடுத்துவிட்டுட்டு வாரேன் அத்தான் என்று அரை மணி முன்னால் போனவன். இங்கிருந்து பார்க்க ஒரு சோற்றுப் பருக்கை அளவுதான் இருந்தான். சாம்பல் கப்பலின் மூக்கு அந்தப் பருக்கையைப் பார்த்துத்தான் இருந்தது. கைபேசிக்கு இங்கே சிக்னல் கிடையாது. சின்னப் படகில் வயர்லெஸ் கிடையாது. கத்தினால் காற்று தின்றுவிடும். இதெல்லாம் ஒன்றும் பயமில்லை, கப்பல் வந்தால் பையன் ஒதுங்கிக்கொள்வான் என்று விட்டுவிடலாம். ஆனால் அவன் ஒதுங்க மாட்டான். அதுதான். அவன் ஒதுங்க மாட்டான் என்பது கித்தேரியானுக்குத் தன் கைரேகைபோலத் தெரியும், ஏனென்றால் அவன் மணப்பாட்டுப் பிள்ளை, நல்ல தொழில்காரன், நல்ல தொழில்காரன் செய்வதைத்தான் செய்வான். வலை காட்டுவான்.

தூத்துக்குடிக்குப் போகிற கப்பல் வலைமேல் வந்தால் ஊரில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதில்லை. கப்பலின் மேலே நிற்கிறவனுக்கு அடியில் கிடக்கிற வலை எப்படித் தெரியும்? அதனால் துடுப்பிலோ கழியிலோ ஒரு லுங்கிச் சாரத்தைக் கட்டி, எஞ்சினை முடுக்கி, கப்பலுக்கு நேரே போக வேண்டும். போய், எழுந்து நின்று, சாரத்தை வீசி, வலை இந்தா இங்கே தொடங்குகிறது, அந்தா அங்கே முடிகிறது, ஒதுங்கிப் போ சாமி என்று காட்ட வேண்டும். எவ்வளவு கிட்டே போகிறானோ அவ்வளவு கெட்டிக்காரன். கப்பல்காரன் ஒரு ஊது ஊதிவிட்டு மூக்கைத் திருப்பிக்கொள்வான். தொம்மை இப்படிப் போய்த்தான் ஒருதரம் ஒரு கிரேக்கக் கப்பல்காரன் மேலேயிருந்து போட்ட பொட்டலத்தைப் பிடித்தான். உள்ளே மூன்று ஆப்பிளும் ஒரு முழு ரொட்டியும். வந்த ஐந்து மாசத்தில் அந்த ஆப்பிள் கதையை அறையில் இருபது தரமாவது சொல்லியிருப்பான். ஐந்து தரத்துக்கு ஓர் ஆப்பிள் கூடும். போன வாரம் ஏழாகியிருந்தது. கித்தேரியானும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே படுத்துத் தூங்கினான், மாப்ள இங்க அப்படிப் போயிராத என்று ஒரு வார்த்தை சொல்லாமல்.

வயர்லெஸ் கரகரத்தது. பெண்குரல். சின்ன வயசுக் குரல், பிரகாசியைவிடச் சின்னது, சாவகாசமாக, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற மாதிரி. ஸ்மால் போட் என்றது. வார்ஷிப் என்றது. அப்புறம் எண்கள். அப்புறம் ஒரு சொல், இன்டென்ஷன்ஸ். கொஞ்சம் நிறுத்தி, அதே வாக்கியத்தை அதே தாளத்தில் மறுபடி. கோபமே இல்லை. கோபம் இருந்தால் புரிந்துகொள்ளலாம். கோபப்படுகிறவனிடம் கும்பிடலாம், காலைப் பிடிக்கலாம். இதில் பிடிக்க ஒன்றுமே இல்லை, கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. ரஃபீக் தேநீர்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தான். வங்காளதேசத்துக்காரன், இவர்களோடு ஆறு வருஷமாகக் கிடந்து தமிழைப் பாதி தின்றவன். அதற்கு முன்னால் ஒப்பந்தக்காரன் ஒருவன் மூலமாக அமெரிக்க முகாமின் சாப்பாட்டுக்கூடத்தில் முட்டை போட்டுக்கொண்டிருந்தவன்.

"என்னடா கேக்குறா?"

"போட் யாரு, எங்க போறது, கேக்குது அண்ணா. அப்புறம் இன்டென்ஷன் சொல்லு, சொல்லுது."

"இன்டென்ஷன்னா?"

ரஃபீக் உதட்டைப் பிதுக்கினான். "கிச்சன்ல அது வரல. கிச்சன்ல முட்டை எப்படி வேணும், அவ்ளோதான் கேப்போம்."

"ஃபிஷிங்னு சொல்லுடா. ஃபிஷிங், நோ ப்ராப்ளம்னு சொல்லு."

ரஃபீக் வயர்லெஸ் குழாயை வாயோடு ஒட்டிவைத்து, குட் மார்னிங் சார், ஃபிஷிங் சார், ஒன்லி ஃபிஷ் சார் என்றான். அந்தப் பக்கம் பெண் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. கித்தேரியான் கண்ணை எடுக்கவில்லை. பருக்கை இன்னும் அசையவில்லை. அசையாதே. குனிந்து சிக்கலையே எடுத்துக்கொண்டிரு. நிமிர்ந்து பார்க்காதே. ஒரு வெள்ளிக்கிழமை, கடலோரக் காவல்காரர்கள் துறைமுகக் கொட்டகையில் எல்லா மீன்காரர்களையும் உட்காரவைத்துப் படம் காட்டினார்கள். போர்க்கப்பலுக்கு ஐந்நூறு மீட்டருக்குள் போகாதே. எதிர்த்துப் போகாதே. எழுந்து நிற்காதே. கையில் எதையும் தூக்காதே, துணியாக இருந்தாலும் தூக்காதே, துணிக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. இரண்டு படகு சேர்ந்து போகவே போகாதே; இரண்டு படகு இரண்டு பக்கமாக வந்தால் அவர்கள் புத்தகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கோ ஏமனில் இப்படி ஒரு சின்னப் படகு சிரித்துக்கொண்டே கிட்டே வந்து வெடித்து, இரும்புக் கப்பலில் ஓட்டை போட்டு, பதினேழு பையன்களைக் கொன்றதாம். அன்றையிலிருந்து சின்னப் படகு என்றாலே அவர்களுக்குத் தூக்கம் கிடையாதாம். அரபி தெரிந்த மலையாளி ஒருவர் எடுத்துச் சொன்னார். எல்லாரும் கேட்டார்கள். தொம்மை கேட்கவில்லை. முந்தின நாள்தான் வந்திறங்கியிருந்தான், ஒரே காய்ச்சல். எழுப்பப் போன கித்தேரியான், பிரகாசியின் அதே நெற்றி, அதே அரைக்கண் தூக்கம், பிள்ளை தூங்கட்டும், அப்புறம் நாமே சொல்லிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தான். அந்த அப்புறம்தான் ஐந்து மாசமாக வராமல், இப்போது சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

மூன்று வருஷம் முன்னால் தெற்கே வேறொரு தண்ணீரில் போர்க்கப்பல் சுட்டு ஒரு முகவைக்காரன், ராமநாதபுரத்துப் பக்கத்தவன், செத்தான். எந்தக் கொடிக் கப்பல் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. மூன்று தரம் ஊதினார்கள் என்றான் ஒருவன், ஊதவே இல்லை என்றான் இன்னொருவன், ஊதினார்கள் ஆனால் எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்றான் கூடப் போய்த் தப்பித்து வந்தவன். அவன் மட்டும் அதைச் சொல்லும்போது காதைப் பொத்திக்கொண்டு சொன்னான். சவப்பெட்டி வந்ததை ஊர்க்காரர்கள் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார்கள். பெட்டிமேல் ஒட்டியிருந்த தாளில் எடை எழுதியிருந்தது. மனுஷனுக்கு எடை. கித்தேரியான் அந்தப் படத்தை அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. திறக்காத அந்தப் படத்தில் இப்போது மனசுக்குள் மணப்பாட்டுக் கோயில் தெரிகிறது, மணல்மேட்டில் ஏறிப் பெட்டி போகிறது, பிரகாசி நடக்கிறாள், நிமிர்ந்து இவனை ஒரு பார்வை பார்க்கிறாள். கேட்க மாட்டாள். கேட்கவே மாட்டாள், அதுதான் அவள் குணம், உப்பு கூடினாலும் சொல்லாமல் சாப்பிடுவாள்.

இந்தச் சாம்பல் கப்பலின் அமெரிக்காக்காரனை அவனுக்குக் குழந்தையிலிருந்தே தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். முகம் தெரியாமலே தெரியும். தனுஷ்கோடியைப் புயல் வாரிக்கொண்டு போனபின் பாம்பன் கோயிலில் அப்பா வரிசையில் நின்று வாங்கிக் குடித்த பால்பவுடர் அமெரிக்கா பால். மஞ்சள் மாவு அமெரிக்கா மாவு. மூட்டையில் இரண்டு கை குலுக்கிக்கொள்கிற படம் போட்டிருக்கும், அந்த மூட்டையைத் துவைத்துத் தைத்த கால்சட்டையில் பின்பக்கம் கைகள் இரண்டும் குலுக்கிக்கொண்டிருந்ததால் அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பின்னாலேயே வந்து கை கொடுத்தார்களாம். அதே அப்பா எழுபத்தொன்றில், பங்களாதேஷ் சண்டையில், அமெரிக்காக்காரன் பெரிய கப்பலை வங்காள விரிகுடாவுக்குள் விடுகிறான் என்று வானொலியில் கேட்டு, ஊரே வள்ளங்களை மேலே இழுத்துப்போட்ட நாலாம் நாள், நம்ம சூடை மீனையா பிடிக்க வாரான் அவன் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கடலுக்குப் போனார். எந்தக் கப்பலும் வரவில்லை. பாலும் அவனே, பயமும் அவனே என்று முடிப்பார். கித்தேரியான் இங்கே வந்த வருஷம் ஈராக் சண்டை. முதலாளி அரபி கண்ணாடி சன்னலுக்கெல்லாம் குறுக்கே பட்டை ஒட்டினான். சாம்பல் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே போயின. மலையாளி டீக்கடைத் தொலைக்காட்சியில் பச்சை பச்சையாக ஓர் ஊர் எரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் பரோட்டா தின்றார்கள், அந்த வாரம் மீன் என்னவோ வலை கொள்ளாமல் விழுந்தது. அந்த மீனை விற்றுத்தான் பிரகாசிக்குத் தாலிச் சங்கிலி எடுத்தான். அதை ஏன் இப்போது நினைக்கிறோம்? தண்ணீருக்குச் சொந்தக்காரன் கரையில் உறங்குகிறான். எங்கிருந்தோ வந்த அவனும் எங்கிருந்தோ வந்த நானும் இங்கே ஒருத்தனை ஒருத்தன் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறோம். ஆனால் என் பயத்துக்குப் பீரங்கி இல்லை.

பருக்கை நிமிர்ந்தது.

தொம்மையின் எஞ்சின் சத்தம் முதலில் வரவில்லை, புகைதான் தெரிந்தது, அப்புறம் கொசு ரீங்காரம்போல ஒரு சத்தம். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு சாம்பலைப் பார்த்து நேராகப் போனது. மேலே ஒரு செம்மஞ்சள் பொட்டு ஆடியது. சாரம். நேற்றுத் துவைத்துக் காயப்போட்ட செம்மஞ்சள் சாரம். கித்தேரியானின் கை, அவனைக் கேட்காமலே, எஞ்சின் விசையில் போய் உட்கார்ந்தது. போ. குறுக்கே போய் மடக்கு. கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வா. லாஞ்சு பெரியது, வேகம் உண்டு, நாலு நிமிஷம். நாலு நிமிஷத்தில் கப்பல் இரண்டு கிலோமீட்டர் வந்துவிடும். போனால் இரண்டு படகு. இரண்டு படகு, இரண்டு பக்கம். மேலே இருக்கிற அந்தப் பெண்பிள்ளை பள்ளிக்கூடக் குரலில் யாரிடமோ அதைச் சொல்லுவாள். போகாமல் நின்றால்? நின்றால் தொம்மை இன்னும் கிட்டே போவான், ஆப்பிள் விழுகிற தூரம்வரை போவான். போனாலும் கொலை, நின்றாலும் கொலை. கை விசைமேலேயே இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. வயர்லெஸ்ஸில் அவள் மறுபடி ஆரம்பித்தாள், இந்தத் தடவை வார்னிங் என்ற சொல் இருந்தது, அதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அண்ணா, நம்மளும் போய் நிப்பாட்டலாம் அண்ணா."

"வாய மூடுடா. யோசிக்க விடு."

யோசனை எங்கே வந்தது? பழைய கூட்டாளி வியாகுலம்தான் நினைவில் வந்தான். பாம்பனில் இருபத்தொரு வயதில் கற்ற பாடம் வேறு. அங்கே இலங்கை நேவி வந்தால் வலை காட்டுவது இல்லை, வெட்டு, ஓடு. அன்றைக்கும் வெட்டினான், ஓடினான். சிக்கிய வலையை எடுக்கத் தண்ணீருக்குள் குதித்திருந்த வியாகுலம் தலையைத் தூக்கி, டேய் கித்தேரி என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டான். ஏழு மாசம் அந்தக் கரைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவன் கோயில் திருவிழாவில் இவன் தோளில் கை போட்டு, நீ ஓடுனதுல தப்பே இல்ல மாப்ள, நின்னிருந்தா நாலு பேரும் உள்ள இருந்திருப்போம் என்றான். தப்பே இல்லை என்றானே, அதுதான் ஆறவில்லை. தப்பு என்று செவிட்டில் ஒன்று விட்டிருந்தால் அன்றைக்கே ஆறியிருக்கும். அதற்கப்புறம்தான் இந்தத் தண்ணீருக்கு ஓடிவந்தது. இனி ஒருத்தனை விட்டுவிட்டு ஓடுவதில்லை என்று யாருக்கும் தெரியாமல் மாதாவிடம் சொல்லி வைத்திருந்தான். அந்த நேர்ச்சை இப்போது விசைமேல் இருந்த கையை அழுத்தியது, போ, போ என்று. வலை காட்டுகிறவன் ஒருதரமாவது திரும்பிப் பார்ப்பான். பார்த்தே ஆக வேண்டும். மறுமுனை எங்கே நிற்கிறதென்று கை நீட்டிக் காட்டினால்தானே வலை காட்டியதாகும். திரும்பிப் பார்க்கும்போது மறுமுனை அங்கே இல்லாவிட்டால்? பெரிய படகு அவனை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தால்? வலையே போய்விட்டால், காட்டுவதற்கு என்ன இருக்கிறது? பிள்ளைக்குப் பயம் வரும். கப்பலைப் பார்த்து வராத பயம், தனியாக விடப்பட்டதில் வரும். வரட்டும், ஆண்டவரே, அவனுக்குப் பயம் வரட்டும்.

"கயித்த வெட்டு," என்றான்.

"அண்ணா?"

"வலைக் கயித்த வெட்டுடா. நாம ஓடுறோம்."

ரஃபீக் அவனைப் பார்த்த பார்வையை அவன் பார்க்கவில்லை. கத்தி நைலானில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, மூன்று வெட்டு, நாலாவதில் லாஞ்சு ஓர் உதறு உதறிக்கொண்டது. விசையை முழுதும் தள்ளினான். கரும்புகை எழும்பியது, நல்லது, எழும்பட்டும், அவன் கண்ணில் படட்டும். சுக்கானைச் சுற்றி, கப்பலுக்கும் தொம்மைக்கும் ஒன்றாக முதுகைக் காட்டினான். வெயில் நேரே முகத்தில் அடித்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டான். பார்த்தால் கை தானாகவே சுக்கானை மடக்கிவிடும். கப்பல் ஊதியது. ஐந்து தரம், கட்டையாக, நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே ஊதுகிற மாதிரி. காதைப் பொத்திக்கொண்டு கதை சொன்னவன் ஞாபகம் வந்தது. பொத்தவில்லை, இரண்டு கையும் சுக்கானில் இருந்தது.

"பாத்துச் சொல்லு."

"போறான் அண்ணா. நின்னுக்கிட்டு ஆட்டுறான்."

"திரும்பிப் பாத்தானா?"

"இல்ல."

கடல் எதிரே வெள்ளையாக, ஒன்றுமே எழுதாத தாளாகக் கிடந்தது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கிய ஜெபம், பாதியில் அடுத்த சொல் வராமல், மறுபடி தொடங்கி, அதே இடத்தில் மறுபடி தட்டி நின்றது.

"இப்ப?"

"வெளிச்சம் விட்டான் அண்ணா, கப்பல்ல இருந்து. வெள்ளையா. மேல போய் எரியுது."

"அவன் என்ன பண்றான்?"

ஒரு மூச்சு போனது, இன்னொன்று போனது. எத்தனையோ தரம் கரையில் படுத்து எண்ணியிருக்கிறான், ஒரு மனுஷன் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறான் என்று. இப்போது எண் மறந்துவிட்டது.

"நம்மள பாக்குறான் அண்ணா."

"கைய அசைச்சிறாத. பாக்காத மாதிரி நில்லு."

"துணிய கீழ போட்டுட்டான்." அப்புறம் ரஃபீக்கின் குரல் பாதி உடைந்து, "திரும்புறான். திரும்பிட்டான் அண்ணா. நம்ம பின்னாடி வரான்."

கித்தேரியான் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் பையன் மனசு மாறிவிடும், வலை ஞாபகம் வந்துவிடும். இன்னும் நாலைந்து நிமிஷம் அந்தக் கொசுச் சத்தத்தை முதுகிலேயே வாங்கிக்கொண்டு ஓடினான், அது வண்டாகி, அரைக்கிற எந்திரமாகி, பக்கவாட்டில் வந்து சேர்கிறவரைக்கும். வயர்லெஸ்ஸில் அந்தப் பெண் ஏதோ சொன்னாள், கடைசியில் தேங்க் யூ என்றாள், ஹேவ் எ சேஃப் டே என்றாள், அதே குரலில். பின்னால் சாம்பல் கப்பல் தன் வழியே வலையைக் கடந்து போயிருக்க வேண்டும். அவன் அப்போதும் பார்க்கவில்லை.

தொம்மை படகை லாஞ்சோடு மோதவிட்டு, ஏறாமல், நின்றபடியே கத்தினான்.

"நீரெல்லாம் ஒரு ஆம்பளையா? வலைய வெட்டிட்டு ஓடுதீரு. நான் அங்க தனியா நிக்கேன், கண்ணு தெரியலையா உமக்கு?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சா ஓடுனீரு? அக்காட்ட இன்னைக்கே சொல்லுதேன் பாரும். உன் புருசன் என்னைய நடுக்கடல்ல விட்டுட்டு ஓடுன கதைய ஊருக்கே சொல்லுதேன். இன்னும் ரெண்டு நிமிசம் இருந்திருந்தா கப்பலத் திருப்பியிருப்பேன். நல்லா திருப்பியிருப்பேன்."

ரஃபீக் வாயைத் திறந்தான். கித்தேரியான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். சொல்லலாம், இப்போதே சொல்லலாம், ஐந்நூறு மீட்டர், இரண்டு படகு, வெள்ளிக்கிழமை, காய்ச்சல், சாத்திய கதவு. சொல்லித்தான் ஆக வேண்டும், கரைக்குப் போவதற்குள் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், இனி ஒருநாளும் அப்புறம் என்று வைக்கக் கூடாது. ஆனால் இந்த நிமிஷம் அந்தக் குரல் நிற்க வேண்டாம். ஓடுகாலி என்றது, பொட்டப்பய என்றது, பாம்பன்காரப் புத்தி என்றது, உம்மை நம்பி எங்க அக்காளைக் கொடுத்தோமே என்றது. எச்சில் தெறித்தது. கழுத்து நரம்பு ஒவ்வொரு சொல்லுக்கும் புடைத்து அடங்கியது, அடங்கி மறுபடி புடைத்தது. கித்தேரியான் சுக்கானை விட்டுவிட்டு லாஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து, கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு, அந்த நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.